முதல்ல செத்தது நத்தைங்க

எழுபதுகளோட ஆரம்பம். பூந்தமல்லிக்குப் பக்கத்துல நசரத்பேட்டை. கத்திரி வெயில் தொடங்க இன்னும் ரெண்டு மூணு வாரம் இருந்துச்சு. நான் அப்போ அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு தொழிற்சாலையில ஏ.சி. மெக்கானிக். வயசு இருபத்தாறு. கைவேலை தெரிஞ்சவனுக்கு அந்த வயசுல எவ்வளவு திமிர் இருக்குமோ, அதுக்கும் ஒரு படி மேலேயே எனக்கு இருந்துச்சு. அந்தத் திமிர்ல ஒரு மெஷின் செஞ்சேன். அது நாலு மீனைக் கொன்னுது. மீனோட போயிருந்தா இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். அந்த மீனுங்க செத்த பழியை ஒரு பொண்ணு சுமந்துச்சு, அதனால புருஷன் வீட்டை விட்டே போக வேண்டி வந்துச்சு. பழி என்னோடதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல.

என் கூட ஒரே ஷிஃப்ட்ல, லேத்துல இரும்பு கடையுற டர்னரா இருந்தவன் என் சினேகிதன். அவன் வீடு நசரத்பேட்டையில, என் வீடு சென்னீர்குப்பத்துல. காலையில அவன் வந்து என் வாசல்ல சைக்கிள் மணியை அடிப்பான், ரெண்டு பேருமா அம்பத்தூருக்கு மிதிப்போம். ஞாயித்துக்கிழமை ஆனா நான் அவன் வீட்டுலதான் கிடப்பேன். அவங்க அம்மா கையில மீன் குழம்பு அப்படி இருக்கும். ஒரு பக்கம் அடுப்புல மீன் கொதிக்கும், இன்னொரு பக்கம் கூடத்துல மீன் நீந்தும்.

அந்தக் கூடத்துத் தொட்டியை அவனே இரும்பு ஆங்கிள் அடிச்சு, கண்ணாடி பதிச்சு செஞ்சிருந்தான். மூணடி நீளம். அதுக்குள்ள தங்க மீனுங்க. தலையில கொண்டை மாதிரி சதை வளர்ந்திருக்குமே, அந்த ரகம். அவனுக்கு வேலை பர்மனென்ட் ஆன வாரம், அவங்க அப்பா மூர் மார்க்கெட்டுக்குப் போய் ஏழு மீன் வாங்கி, தூக்குவாளியில போட்டு பஸ்ல மடியில வச்சுக்கினு வந்தாராம். அடுத்த வருஷமே அவர் போய்ச் சேர்ந்துட்டாரு. அதுக்கப்புறம் அம்மாவுக்கு அந்த மீனுங்கதான் எல்லாம். அதுல பெரிசா ஒண்ணு இருந்துச்சு. அதுகிட்ட வீட்டு சமாச்சாரம் எல்லாம் சொல்லுவாங்க. அரிசி தீர்ந்து போச்சு, உன் புள்ள இன்னும் வரல, கூரையில ஓடு மாத்தணும். நாங்க சிரிப்போம். அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. அவர் இருந்து பார்க்கிற மாதிரி இருக்குடா, அவ்ளோதான்னு சொல்லுவாங்க.

ஆனா வருஷா வருஷம் கோடையில ஒரு மீன் போயிடும். தங்க மீனுக்குக் குளிர்ந்த தண்ணி வேணும். நம்ம சித்திரை வெயிலுக்குக் கூடத்துல வச்ச தண்ணியே கை பொறுக்காம இருக்கும். மீனுங்க மேல வந்து வாயைப் பொளந்து பொளந்து மூச்சு வாங்கும், பார்க்கவே பாவமா இருக்கும். அம்மா தொட்டியைச் சுத்தி ஈரச் சாக்கு கட்டுவாங்க. ஒரு வருஷம் சோடாக் கடையில ஐஸ் கட்டி வாங்கிப் போட்டு, அதுலயே ஒண்ணு விறைச்சுப் போச்சு. ஏழுல நாலுதான் மிச்சம்.

அந்த வருஷம் தை மாசம்தான் சினேகிதனுக்குக் கல்யாணம் ஆகியிருந்துச்சு. பொண்ணு ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு கிராமம். அதிகம் பேசாது. ஆனா கண்ணு எல்லாத்தையும் பார்க்கும். என்னை அண்ணேன்னு கூப்பிடும், நான் தங்கச்சின்னு கூப்பிடுவேன். அம்மா மோசமான மாமியார் எல்லாம் இல்ல. அந்தப் பொண்ணுக்குத் தலை வாரி விடுறதைக் கூட நான் பார்த்திருக்கேன். ஆனா ஆசாரம்னு வந்துட்டா ரொம்ப கறார். வீட்டுக்குத் தூரமான மூணு நாளும் அந்தப் பொண்ணு பின்கட்டு தாழ்வாரத்துலதான் இருக்கணும். அந்த நாள்ல சாமி மாடத்தையும் மீன் தொட்டியையும் ஏறெடுத்தும் பார்க்கக் கூடாதுன்னு முதல் மாசமே சொல்லி வச்சிருந்தாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பாடு போடும்போது அம்மா சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாங்க. "இன்னா நைனா, மனுசனுக்கு ஜில்லுனு காத்து வர்றதுக்கு மெசின் ரிப்பேர் பண்றியே, என் மீனுக்கு ஒண்ணு பண்ணித் தர மாட்டியா? இந்த நாலும் கத்திரியைத் தாண்டணும்டா."

அவங்க மறந்துட்டாங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கல. ஏன் முடியாது? காத்தைக் குளிர வைக்கிற மெஷின் தண்ணியைக் குளிர வைக்காதா?

பூந்தமல்லியில தெரிஞ்ச பாய் ஒருத்தரோட காயலான் கடை இருந்துச்சு. அங்க ஏதோ ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட ஜன்னல் ஏ.சி. ஒண்ணு துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. கடையிலேயே ஒயர் கொடுத்துப் பார்த்தேன். கம்ப்ரஸர் உறுமுச்சு. "இது பொணம் மிஸ்திரி, இத்தப் போய் தூக்கிக்கினு போறியே"ன்னு பாய் தலையில அடிச்சுக்கிட்டாரு. உசுரு இருக்கு பாய்னு சொல்லி, மாட்டு வண்டியில ஏத்திக்கினு வந்து சினேகிதன் வீட்டுப் பின்கட்டுல இறக்கினேன்.

ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலை. விஷயம் பெரிய விஷயம் இல்ல. ஏ.சி.க்குள்ள ஒரு குழாய்ச் சுருள் ஜில்லுன்னு ஆகும், அது மேல ஃபேன் காத்தடிக்கும், அதுதான் நமக்கு வர்ற குளிர் காத்து. நான் ஃபேனைத் தூக்கிப் போட்டேன். பழைய சுருளை வெட்டிட்டு, புதுசா செம்புக் குழாயை இட்லிப் பானை அகலத்துக்கு வளைச்சு வளைச்சு சுத்தி, அங்க பத்த வச்சு ஒட்டினேன். அந்தச் சுருளை ஒரு பக்கெட் தண்ணிக்குள்ள முக்கி வச்சேன். லேத்துல இரும்பு கடையும்போது சூடு ஆறத் தண்ணி ஊத்துமே ஒரு சின்ன மோட்டார், அதுல பழசு ஒண்ணை சினேகிதன் தேடிப் பிடிச்சு, நல்லா கழுவிக் கொண்டு வந்தான். அது தொட்டித் தண்ணியை பக்கெட்டுக்கு அனுப்பும், குளிர்ந்த தண்ணி ஹோஸ் வழியா தொட்டிக்குத் திரும்பும். குழாய்க்குள்ள குளிர வைக்கிற கேஸும் அடைச்சாச்சு. முடிஞ்சுது கதை.

பத்த வச்ச தீயில செம்புச் சுருள் கருத்துப் போயிருந்துச்சு. அம்மாவுக்கு அது பொறுக்கல. வீட்டுக்காரர் மீனுக்குப் போகிற தண்ணியாச்சே. புளியும் சாம்பலும் எடுத்துக்கினு உட்கார்ந்து, ஒவ்வொரு வளையமா தேய்ச்சு, சாமி சொம்பு மாதிரி பளபளன்னு ஆக்கிட்டாங்க. நான் பக்கத்துல காலை நீட்டி உட்கார்ந்துக்கிட்டு பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்: "செம்புல பட்ட தண்ணி மனுசனுக்கே அமிர்தம்மா. மீனுக்குக் கேக்கணுமா?" யாருக்கும் அதுல சந்தேகமே வரல. வரவும் வராது. எங்க பக்கம் செம்புக் குடமோ சொம்போ இல்லாத வீடு ஏது? ராத்திரி ஊத்தி வச்ச தண்ணியை விடிஞ்சதும் வெறும் வயித்துல குடிச்சு வளர்ந்தவங்கதானே நாங்க எல்லாரும்.

முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் வீட்டு விளக்கு மங்கி, ஃபியூஸ் டப்புனு போச்சு. ஃபியூஸ்ல கொஞ்சம் மொத்தமான கம்பியா மாட்டி மறுபடி போட்டேன். ஓடிச்சு. தொழிற்சாலை லேப்ல இருந்து கடன் வாங்கி வந்த தெர்மாமீட்டரை முக்கிப் பார்த்தா, ரெண்டே மணி நேரத்துல முப்பத்தஞ்சு டிகிரி இருபத்தேழுக்கு வந்துடுச்சு. மேல நின்னு மூச்சு வாங்கிக்கிட்டிருந்த மீனுங்க மெல்ல அடியில இறங்கி, வாலை விரிச்சுக்கிட்டு சுத்த ஆரம்பிச்சுது. அம்மா கம்ப்ரஸருக்குக் குங்குமம் வச்சு, என் நெத்தியிலயும் ஒரு பொட்டு வச்சாங்க. தெருவே வந்து பார்த்துச்சு. "நம்ம ஊட்ல பேனு கூட இல்ல, இவங்க ஊட்டு மீனுக்கு ஏ.சி. கேக்குது"ன்னு எதிர் வீட்டுக்காரி சொன்னது எனக்கு மெடல் குத்தின மாதிரி இருந்துச்சு. தொழிற்சாலையிலயும் சினேகிதன் தம்பட்டம் அடிச்சுட்டான். எங்க இன்ஜினீயரே கூப்பிட்டு, என் வீட்டுத் தொட்டிக்கும் ஒண்ணு செய்வியாப்பான்னு கேட்டாரு. நான் தரையில நடக்கல அந்த வாரம்.

பத்து நாள் இருக்கும். சாயங்காலம் மெஷினைப் பார்க்கப் போனப்போ அந்தப் பொண்ணு தொட்டிக்குப் பக்கத்துல குனிஞ்சு நின்னுக்கிட்டிருந்துச்சு.

"அண்ணே, நத்தையெல்லாம் கீழ வுழுந்து கெடக்குது. தொட்டா ஓடு தனியா வருது. தண்ணியில ஏதோ ஆகியிருக்கு போலக்கீது."

தொட்டியில செடியோட வந்த குட்டி நத்தைங்க, கண்ணாடி பூரா ஒட்டிக்கிட்டு அசிங்கம் பண்ணும். நான் எட்டிக்கூடப் பார்க்கல. "தொல்லை விட்டுதுன்னு நினைச்சுக்கோ தங்கச்சி. கண்ணாடி சுத்தமா இருக்கும். நீ போய் காபி போடு."

அந்தப் பொண்ணு நகரல. அப்போ மீனுக்கு ஒண்ணும் ஆகாதாண்ணேன்னு திரும்பக் கேட்டுச்சு. நான் சிரிச்சேன். ஏ.சி. மெக்கானிக்குக்கு கிராமத்துப் பொண்ணு பாடம் எடுக்குதேன்னு எனக்கு சிரிப்பு. காபி வந்துச்சு, குடிச்சேன், போயிட்டேன்.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா திருமழிசையில சொந்தக்காரங்க வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாங்க. நாங்க வேலையில. அந்தப் பொண்ணு தூரமாகி, பின்கட்டுத் தாழ்வாரத்துல தனியா இருந்துச்சு. மத்தியானம் தொட்டிக்குத் திரும்புற ஹோஸ் கழண்டு விழுந்துடுச்சு. மோட்டார் பாட்டுக்குத் தொட்டித் தண்ணியை இறைச்சு கூடத்துல கொட்டுது. அந்தப் பொண்ணு கூப்பிட்டுப் பார்த்திருக்கு, அக்கம்பக்கத்துல யாரும் இல்ல. மீனுங்க ஒரு சாண் தண்ணியில துடிக்கிறதைப் பார்த்துட்டு, ஓடிப்போய் சுவிட்சை அணைச்சு, தொட்டிக்குள்ள கையை விட்டு ஹோஸை மாட்டி, துணியால இறுக்கிக் கட்டி, தொட்டியில தண்ணியை நிரப்பி, கூடத்தைத் துடைச்சு வச்சிருக்கு. மீனுங்க பொழைச்சுது.

சாயங்காலம் சினேகிதனுக்கு ஓவர்டைம். நான் மட்டும் போனேன். அந்தப் பொண்ணு தாழ்வாரத்துல இருந்தபடியே எல்லாத்தையும் சொல்லி, ஹோஸை நல்லா இறுக்கச் சொல்லுச்சு. கடைசியா, "அத்தைகிட்ட சொல்லிடாதீங்கண்ணே, இன்னும் மூணு நாள் முடியல"ன்னு கெஞ்சுச்சு. சே, நான் எதுக்கு சொல்லப் போறேன்னேன். கிளாம்ப் ஒண்ணு போட்டு ஹோஸை முறுக்கினேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மீனுங்க தீனி எடுக்கல. கல்லுல உடம்பைத் தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு. தோல் மேல ஏதோ வெள்ளையா படிஞ்சுது. எனக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் குளிர்ச்சிதான். இன்னும் கொஞ்சம் ஜில்லுனு இருந்தா தேறிடும்னு, மத்தியானத்துல மட்டும் ஓடிக்கிட்டிருந்த மெஷினை நாள் பூரா ஓட விடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஒண்ணு மிதந்துச்சு. சனிக்கிழமை ஒண்ணு. ஞாயித்துக்கிழமை காலையில மூணாவது. பெரிய மீன் மட்டும் ஒரு மூலையில சாய்ஞ்சு கிடந்து செவுளை அசைச்சுக்கிட்டிருந்துச்சு. அம்மா காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம தொட்டி முன்னாடியே உட்கார்ந்திருந்தாங்க. மத்தியானம் ரெண்டு மணி வாக்குல அதுவும் அடங்கிடுச்சு. கையில எடுத்து முந்தானையில வச்சுக்கினாங்க. அழல. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க நாலஞ்சு பேர் வந்து நின்னாங்க.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க. "மெசின்ல ஏதாச்சும் கோளாறா நைனா?"

கோவமா எல்லாம் கேக்கல. ஆனா அத்தனை பேர் பார்வையும் என் மேல திரும்புச்சு. என் காது சுட்டுச்சு. என் கைவேலையைப் போய் கோளாறுன்னு கேக்குறாங்களேன்னு ரோஷம் வந்துச்சு. பாழாப்போன வாய். "மெஷின்ல ஒரு குத்தமும் இல்லம்மா. போன வாரம் செவ்வாய்க்கிழமை ஹோஸ் கழண்டு பாதித் தண்ணி கொட்டிப் போச்சு. உங்க மருமகதான் கையை விட்டு மாட்டியிருக்கு. அதுல ஏதாச்சும் ஆயிருக்கலாம்"னு சொல்லிட்டேன்.

சொன்ன நிமிஷமே தெரிஞ்சு போச்சு என்ன பண்ணிட்டேன்னு. அம்மா விரல் விட்டு நாளை எண்ணினாங்க. ஒரு தடவை எண்ணி, திரும்பவும் எண்ணினாங்க.

"செவ்வாக்கெழமையா? அன்னிக்கா தொட்டே?"

அந்தப் பொண்ணு அடுக்களை நிலைப்படியில நின்னுக்கிட்டிருந்துச்சு. "தண்ணி கொட்டிப் போச்சு அத்தே, செத்துடுமேன்னுதான்..." அது மாமியாரைப் பார்க்கல. என்னைத்தான் பார்த்துச்சு. நான் தெர்மாமீட்டரைத் துடைச்சு டப்பாவுல போட்டுக்கிட்டிருந்தேன்.

மறைக்காம சொல்றேன், அந்த நேரத்துல எனக்கு வந்தது வருத்தம் இல்ல, நிம்மதி. என் மெஷின் மேல பழி வரல. எங்க வீட்டுலயும் அதே ஆசாரம்தானே, ஒருவேளை அதுதான் காரணமா இருக்குமோன்னு நானும் பாதி நம்பினேன். நம்புறது சௌகரியமா இருந்துச்சு.

புதன்கிழமை சினேகிதன் லீவு போட்டான். அந்தப் பொண்ணையும் அதோட தகரப் பெட்டியையும் பஸ் ஏத்திக் கொண்டு போய் அப்பன் வீட்டுல விட்டுட்டு வந்துட்டான். அம்மாவுக்கு மனசு ஆறட்டும் மச்சான், அப்புறம் கூட்டிக்கினு வந்துடலாம்னான். அவன் நல்லவன். ஆனா அம்மா முன்னாடி அவனுக்கு நாக்கு எழாது.

அடுத்த ஞாயித்துக்கிழமை நான் மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு வேற நாலு மீன் வாங்கிக் கொடுத்து, மெஷினை ஓட விட்டுக் காட்டணும், என் பேர் நிக்கணும், அதுதான் யோசனை. மீன் கடைக்காரன் என் வயசுக்காரன்தான், வாயில பீடி. பழைய மீன் எப்படிச் செத்துச்சுன்னு கேட்டான். நான் பெருமையா மெஷினைப் பத்தி விவரிச்சேன். செம்புச் சுருள்னு சொன்னதும் பீடியைக் கையில எடுத்தான்.

"செம்பா? தண்ணிக்குள்ளயா? யோவ், இன்னாய்யா நீ! நாங்க செம்பு சொம்புல மீனை மொள்ளக்கூட மாட்டோம். அதுக்கு அது வெசம்யா. மொதல்ல நத்தை செத்திருக்குமே, பாக்கலியா?"

புளி போட்டு வேற தேய்ச்சோம்னு சொன்னேன். அவன் சிரிச்சான். இன்னும் நல்லா ஊறியிருக்கும் போன்னான். மீன் வாங்காம வந்துட்டேன். பஸ்ல பூந்தமல்லி வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு குனிஞ்சு நின்னு நத்தையைக் காட்டினதுதான் கண்ணுல. நேரா நசரத்பேட்டைக்குப் போய் சொல்லிடணும்னு முடிவு பண்ணிட்டேன். சத்தியமா முடிவு பண்ணிட்டேன்.

போனேன். அம்மா இலை போட்டாங்க. தொட்டி காலியா கிடந்துச்சு. "நீ எம்மாம் கஷ்டப்பட்டு பண்ணே நைனா, அவ தொட்டு எல்லாம் பாழாப் போச்சு. உன் மேல ஒரு தப்பும் இல்ல"ன்னு சொல்லி, ரெண்டாவது தடவை சோறு போட்டாங்க. எதிர் வீட்டுக்காரியும் உட்கார்ந்து ஆமாம் போட்டுக்கிட்டிருந்தா. சினேகிதன் வந்து, இன்ஜினீயர் நாளைக்கு மெசின் பத்திப் பேசணும்னு சொன்னார் மாமேன்னான். தொண்டை வரைக்கும் வந்த வார்த்தையை சோத்தோட சேர்த்து முழுங்கிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். கிளம்பும்போது, அந்தச் சுருளைப் பார்க்கப் பிடிக்காம மெஷின்ல இருந்து வெட்டி எடுத்து அம்மாகிட்ட கொடுத்துட்டேன். பாத்திரக் கடையில போட்டு சொம்பு வாங்கிக்கிறேன்னு சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க.

நாளைக்குன்னது ஆனி ஆச்சு, ஆடி ஆச்சு, ஆவணியும் போச்சு. இன்ஜினீயர்கிட்ட ஏதோ சாக்கு சொல்லித் தட்டிக் கழிச்சேன். தினமும் காலையில சினேகிதன் வாசல்ல மணியடிப்பான். தினமும் அவன் பக்கத்துல சைக்கிள் மிதிச்சேன். எப்போ கூட்டிக்கினு வரப்போறேன்னு கேட்டா, அம்மா இன்னும் கோவமாதான் கீதும்பான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவ்வளவு நாள் கழிச்சு சொன்னா ஏன்டா அப்பவே சொல்லலன்னு கேப்பானேன்னு பயம். நாள் ஏற ஏற அந்தப் பயமும் ஏறிக்கிட்டே போச்சு.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் பெஞ்சுல உட்கார்ந்திருந்தாரு. மடியில ஜவுளிக் கடைப் பை. கல்யாணத்துல பார்த்த முகம். அந்தப் பொண்ணோட அப்பா. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைக்க வந்திருக்காரு. அம்மா வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிட்டாங்க. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கான், வர மாட்டான்னு. பையை வாங்கக்கூட இல்ல. "எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சுன்னு கேட்டேன் தம்பி. மீன் செத்துப் போச்சுங்கிறாங்க"ன்னு சொல்லிட்டு, அந்தப் பையில இருந்த வேட்டி ஓரத்தைத் தடவிக்கிட்டே இருந்தாரு. அவரால என் முகத்தைப் பார்த்துப் பேச முடிஞ்சுது. என்னாலதான் அவர் முகத்தைப் பார்க்க முடியல.

அங்கிருந்து அப்படியே நசரத்பேட்டைக்குப் போனேன். அம்மா முன்னாடி உட்கார்ந்து எல்லாத்தையும் கொட்டினேன். செம்பு மீனுக்கு விஷம், நான்தான் வச்சேன், நத்தை செத்தப்பவே உங்க மருமக சொல்லுச்சு, நான்தான் கேக்கல, மூர் மார்க்கெட்டுக்காரன் சொல்லி அஞ்சு மாசமா தெரிஞ்சும் மறைச்சேன். அழுதேன். அவங்க என் தலையில அடிச்சு, வெளிய போடான்னு துரத்தியிருந்தா பொழைச்சிருப்பேன்.

அம்மா என் கன்னத்தைத் துடைச்சு விட்டாங்க. "உனுக்கு எம்மாம் நல்ல மனசுடா நைனா. அந்தப் பொண்ணு வாழணும்னு பழியை உன் தலையில போட்டுக்கிறே. செம்பு யாரையாச்சும் சாவடிக்குமா? நான்தானே என் கையால தேச்சேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கையில அடிச்சு சத்தியம் பண்ணேன். சொல்லச் சொல்ல நான் இன்னும் பெரிய நல்லவனா ஆயிக்கிட்டே போனேன். அன்னிக்கே சொல்லியிருந்தா அது உண்மையா இருந்திருக்கும். அஞ்சு மாசம் கழிச்சு சொன்னதால அது வெறும் இரக்கமா போயிடுச்சு. சினேகிதன் மட்டும் நம்பினான். மறுநாள் சைக்கிள்ல பாதி வழி வந்துட்டோம். அப்புறம், "எனுக்குத் தெரிஞ்சு இன்னா மாமே பிரயோசனம், அம்மாவுக்குத் தெரியணுமே"ன்னான். அதுக்கப்புறம் அவன் என் வாசல்ல மணியடிக்கிறது நின்னு போச்சு.

தீபாவளி கழிச்சு அந்தக் கிராமத்துக்கும் போனேன். அந்தப் பொண்ணு நாத்தாங்கால் பக்கம் இருந்து ஈரக் காலோட வந்துச்சு. தப்பு என்னோடதுன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டே நின்னுச்சு. எனக்குத் திட்டு வேணும்னு இருந்துச்சு. அது திட்டல. "நத்தை செத்துதுன்னு உங்ககிட்டதானே அண்ணே மொதல்ல சொன்னேன்"னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. அவங்க அப்பா எனக்கு மோர் கொடுத்தாரு.

அந்தப் பொண்ணு திரும்பி வந்துச்சு. ஆனா நான் சொன்னதுனால இல்ல. மறு வருஷம் அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு. தூக்கி உட்கார வைக்க, கழுவி விட, ஒரு ஆள் வேணும். அப்போதான் சினேகிதனுக்குப் போய்க் கூப்பிடத் தைரியம் வந்துச்சு. சாமி மாடத்தைத் தொடக் கூடாதுன்னு ஒதுக்கின அதே கைதான் ரெண்டு வருஷம் அவங்களுக்குக் கஞ்சி ஊட்டுச்சு.

கடைசிக் காலத்துல ஒரு தடவை பார்க்கப் போனேன். அந்தப் பொண்ணு அம்மா தலையை மடியில ஏந்தி, ஒரு செம்பு சொம்புல இருந்து கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஊத்திக்கிட்டிருந்துச்சு. என் சுருளைப் போட்டு வாங்கின சொம்பு. அம்மா என்னை அடையாளம் கண்டு, வாய் கோண, "நல்ல புள்ள"ன்னு குழறினாங்க. என்னைக் காட்டித்தான் சொன்னாங்க. தண்ணி ஊத்தின பொண்ணு அவங்க வாயைத் துடைச்சு விட்டுட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்து, "தண்ணி குடிக்கிறீங்களாண்ணே?"ன்னு கேட்டுச்சு. வாங்கிக் குடிச்சேன்.

அதுக்கப்புறம் எத்தனையோ மெஷின் பிரிச்சாச்சு, மாட்டியாச்சு. ஒரு வேலை கெட்டுப் போனா, முதல்ல தப்பு என்னோடதான்னு பார்த்து, ஆமான்னா அங்கேயே அப்பவே சொல்லிட்டுத்தான் அடுத்த ஸ்பேனரை எடுக்கிறேன். ஆனா மூர் மார்க்கெட்டுல இருந்து பஸ் ஏறி வந்து, இலை முன்னாடி உட்கார்ந்து, வாயைத் திறக்காம சோத்தை முழுங்கின அந்த ஒரு ஞாயித்துக்கிழமையை மட்டும் எந்த வேலை செஞ்சும் என்னால சரி பண்ண முடியல.